விண்டேஜ் பிராந்தியா, வி.எஸ்.ஓ.பி.யா, ஆப்பிள் பிராந்தியா? பருவத்துக்குப் பருவம் மெனு மாற்றும் பாருக்கு ஓர் ஒப்பீடு

குளிர் தொடங்கப்போகிறது, மெனுவை மாற்ற வேண்டும், பிராந்தி பக்கம் கொஞ்சம் கனமாக ஏதாவது வைக்கலாமே என்று யோசிக்கும் எல்லாச் சிறிய காக்டெயில் பாருக்கும் வரும் குழப்பம் இது. இருக்கும் பணத்தில் ஒரு விண்டேஜ் ஆர்மன்யாக் (பிரான்ஸின் கஸ்கோனிப் பகுதியில் ஒரே ஆண்டு அறுவடைத் திராட்சையில் செய்த பிராந்தி) வாங்கி, விளைச்சல் ஆண்டைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கலாம். அதே பணத்தில் நாலைந்து வி.எஸ்.ஓ.பி. பாட்டில் (பிரான்ஸின் கோன்யாக் பகுதித் திராட்சைப் பிராந்தியில் ஒரு வயதுத் தரம்) வாங்கி ஆண்டு முழுக்க ஓட்டலாம். ஏலத்தில் எடுத்த பழைய பாட்டிலைத் திறந்து கூட்டம் சேர்க்கலாம். பேசாமல் ஆப்பிள் பிராந்தி பக்கம் போய்விடலாம்.

எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். லேபிளில் இருக்கும் ஆண்டைப் பார்த்து பிராந்தி வாங்கக் கூடாது. வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது கிளாஸ் எவ்வளவு குளிர்ந்திருக்கும், எவ்வளவு சூடாக இருக்கும் என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய பிராந்திக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் மணத்துக்குத்தான் போகிறது. ஐஸோடு குலுக்கிய கிளாஸில் அந்த மணம் எழும்பாது. மரத்தின் துவர்ப்பு மட்டும் முன்னால் வந்து நிற்கும். வெயிலுக்கு எது, குளிருக்கு எது என்ற கேள்விக்கும் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

கிளாஸின் வெப்பநிலை. ராவாக ஊற்றும் பெக் 18 முதல் 20 டிகிரியில் இருக்கும். ஐஸில் கரண்டியால் கலக்கியது பூஜ்ய டிகிரியை ஒட்டி இருக்கும், குலுக்கியது அதற்கும் சில டிகிரி கீழே போகும். ஹாட் டோடி (வெந்நீரும் தேனும் சேர்த்த சூடான கலவை) வாயில் படும்போது 60 டிகிரிக்கு மேல். ஒரே பிராந்தி இந்த மூன்று இடத்திலும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

தண்ணீர் சேர்ந்தபின் மிஞ்சும் வீரியம், அதாவது ஆல்கஹால் சதவீதம். சைட்கார் என்ற காக்டெயில் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 சதவீதக் கோன்யாக் 50 மில்லி, குவான்ட்ரோ (ஆரஞ்சு மது) 20, எலுமிச்சைச் சாறு 20, ஆக 90 மில்லி. குலுக்கும்போது ஐஸ் உருகி அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் சேரும். மொத்தம் 137 மில்லி போல வரும். வீரியம் 20 சதவீதம். கோன்யாக் 45 சதவீதமாக இருந்தால் அது 22 ஆகும். தாளில் சின்ன வித்தியாசம், வாயில் பெரிய வித்தியாசம். முதல் கிளாஸ் எலுமிச்சை ஜூஸ் மாதிரி இருக்கும், இரண்டாவதில் பிராந்தி தெரியும்.

துவர்ப்பும் சர்க்கரையும். ஓக் பீப்பாயில் நாள் கூடக்கூடத் துவர்ப்பு ஏறும். குளிர்ச்சி அதைக் கூட்டிக்காட்டும், புளிப்பு இன்னும் கூட்டிக்காட்டும். அதனால்தான் நல்ல பழைய பிராந்தியில் எலுமிச்சை பிழிந்தால் நாக்கு வறண்டுபோகிறது. மறுபக்கம், கோன்யாக்கில் சர்க்கரை, கேரமல், ஓக் சாறு ஆகியவற்றை ஓரளவு சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. உங்கள் பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி: ஒரு வெள்ளைத் தட்டில் 5 மில்லி ஊற்றி, மூடாமல் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் மெல்லிய, காய்ந்த படலம் இருந்தால் அது மரத்தின் சாரம். விரலில் ஒட்டினால் சர்க்கரை. ஒட்டும் சரக்குக்கு உங்கள் ரெசிபியில் சிரப்பை 2 முதல் 3 மில்லி வரை குறைக்க வேண்டியிருக்கும்.

திறந்தபின் ஆயுள். பாட்டில் பாதிக்கு மேல் இருக்கும்வரை சில மாதங்கள் கவலையில்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று வேலையைத் தொடங்கிவிடும். பழைய சரக்குதான் முதலில் தளரும்.

மறுபடி கிடைக்குமா. மெனு மூன்று மாதம் ஓட வேண்டும். பாட்டில் மூன்று வாரத்தில் தீர்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கு வாங்கும் முன்பே பதில் வேண்டும்.

உண்மையான பெக் கணக்கு. 700 மில்லி பாட்டிலில் 30 மில்லி பெக் 23 வரும் என்று கணக்கு சொல்லும். சிந்தல், ருசிபார்த்தல், அளவு தவறுதல் எல்லாம் போக 21 வந்தால் நல்ல பார். விலையை 21-க்குப் போடுங்கள்.

## வி.எஸ்.ஓ.பி. கோன்யாக்

கலவையில் இருக்கும் மிக இளைய பிராந்திக்கே குறைந்தது 4 ஆண்டு பீப்பாய் வயது இருக்க வேண்டும். பல ஆண்டுச் சரக்கைக் கலந்து ஒரே ருசிக்குக் கொண்டுவருகிறார்கள் என்பதால், இந்த ஆண்டு வாங்கியதும் அடுத்த ஆண்டு வாங்குவதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். மெனு எழுதுகிறவருக்கு இதைவிட நிம்மதி கிடையாது.

பானைக் கலனில் இரண்டு முறை காய்ச்சி 70 சதவீதத்தை ஒட்டி இறக்குவதால் கோன்யாக் இயல்பிலேயே மென்மையாக இருக்கும். அந்த மென்மைதான் காக்டெயிலில் இதன் பலமும் பலவீனமும். வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்), ஆரஞ்சு மது, புதினா எதோடும் சண்டை போடாது. ஆனால் 40 சதவீதப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பொடி ஐஸில் ஜூலெப் (புதினாவும் சிரப்பும் சேர்த்த காக்டெயில்) செய்தால் ஐந்தாவது நிமிடத்தில் கிளாஸில் புதினாத் தண்ணீர்தான் மிஞ்சும். காக்டெயிலுக்கென்றே 45 சதவீதத்தில் வரும் பியர் ஃபெராண்ட் 1840 போன்ற பாட்டில் ஒன்று கைவசம் இருந்தால் வெயில் கால மெனு பாதி முடிந்த மாதிரி. அதில் வி.எஸ்.ஓ.பி. என்ற எழுத்து இல்லையே என்று தயங்க வேண்டாம். இந்த இடத்தில் எழுத்தைவிட வீரியம்தான் முக்கியம்.

வெயிலுக்கு இது கைகொடுக்கும் இடங்கள்: ஜூலெப் (60 மில்லி, சிரப் 10, புதினா இலை எட்டுப் பத்து, இலையை நசுக்காமல் லேசாக அழுத்தினால் போதும், நசுக்கினால் கசக்கும்), ஹார்ஸஸ் நெக் (40 மில்லிக்கு இஞ்சி ஏல் 120), டானிக்கோடு நீள கிளாஸ். குளிருக்கு: வியூ காரே (ரை விஸ்கி, கோன்யாக், இனிப்பு வெர்மூத் தலா 30 மில்லி, பெனடிக்டின் என்ற மூலிகை மது ஒரு பார் ஸ்பூன், பேஷோ பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாரம் இரண்டு சொட்டு). நியூ ஆர்லியன்ஸின் மான்டெலியோன் ஹோட்டல் பாரில் 1930-களில் பிறந்த கலவை இது. பழைய பிராந்தி இல்லாமலேயே பழைய பிராந்தியின் கனத்தைத் தரும்.

மறைந்திருக்கும் செலவு என்று பெரிதாக இல்லை. ஒன்றே ஒன்று: இனிப்பூட்டிய பிராண்டிலிருந்து இனிப்பு குறைந்த பிராண்டுக்கு மாறினால் மெனுவில் இருக்கும் ஒவ்வொரு ரெசிபியையும் மறுபடி ருசிபார்த்துச் சரிசெய்ய வேண்டும். விலை குறைகிறது என்று பாதிப் பருவத்தில் பிராண்டை மாற்றாதீர்கள்.

## எக்ஸ்.ஓ. கோன்யாக்

2018 ஏப்ரல் முதல் எக்ஸ்.ஓ.வுக்குக் குறைந்தபட்ச வயது 10 ஆண்டு. அதற்கு முன் 6. பாட்டில் அழகாக இருக்கும், பெயர் எல்லோருக்கும் தெரியும், கேட்டு வாங்குவார்கள். காக்டெயில் பாருக்கு இது இரண்டும் கெட்டான். குலுக்கினால் வி.எஸ்.ஓ.பி.யிலிருந்து பிரித்தறிவது கடினம். ராவாக ஊற்றினால் அதே விலைக்கோ அதற்குக் குறைவாகவோ இதைவிட வயதான ஆர்மன்யாக் கிடைத்துவிடும். பெயருக்காகவே கேட்கும் வாடிக்கையாளர்கள் உங்களுக்கு இருந்தால் ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. மெனுவில் எழுத வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: சாஸராக். கோன்யாக் 50 மில்லி, ஒரு சர்க்கரைக் கட்டி, பேஷோ இரண்டு சொட்டு, அப்சிந்த் (சோம்பு மணமுள்ள மது) ஊற்றிக் கழுவிய கிளாஸ், ஐஸ் இல்லாமல் பரிமாறுதல். புளிப்பு இல்லை, கிளாஸ் கையில் மெல்ல மெல்லச் சூடேறும். அங்கே எக்ஸ்.ஓ. தன் காசுக்கு வேலை செய்யும்.

## விளைச்சல் ஆண்டு போட்ட ஆர்மன்யாக்

விண்டேஜ் பிராந்தி என்றதும் நியாயமாக முதலில் பார்க்க வேண்டிய இடம் கஸ்கோனி. கோன்யாக்கில் ஆண்டு போட்டு விற்பது அபூர்வம், ஆர்மன்யாக்கில் அது வழக்கம். லேபிளில் இருப்பது திராட்சை அறுவடை ஆண்டு. அந்த ஆண்டுச் சரக்கு மட்டுமே உள்ளே இருக்க வேண்டும், குறைந்தது 10 ஆண்டு மரத்தில் இருந்திருக்க வேண்டும்.

ருசி வேறாக இருப்பதற்குக் காரணம் கலன். ஆர்மன்யாக்கில் பெரும்பகுதி தொடர்ந்து ஓடும் தூண் கலனில் ஒரே முறை காய்ச்சப்படுகிறது. பொதுவாக 52 முதல் 60 சதவீதத்துக்குள் இறங்கும். வீரியம் குறைவாக இறங்குவதால் திராட்சையின் கனமான சாரங்கள் கூடவே வந்துவிடும். இளசில் முரடு, வயதேற வயதேற உலர் பிளம், தோல், புகையிலை, காளான். பா-ஆர்மன்யாக் பகுதியின் மணல் நிலத்தில் விளையும் பாக்கோ 22ஏ திராட்சை நீண்ட காலம் பீப்பாயில் வைக்கத் தோதானது. களியும் சுண்ணாம்பும் கலந்த தெனரேஸ் பகுதிச் சரக்கு இறுக்கமாக இருக்கும், தளர நாளாகும்.

பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். விண்டேஜ் வாங்கும்போது செய்யும் பெரிய தவறு முன்பக்க ஆண்டோடு நிறுத்திக்கொள்வதுதான். பிராந்தி மரத்தில்தான் முதிரும், கண்ணாடியில் முதிராது. 1985 என்று போட்ட பாட்டில் 1997-இல் அடைக்கப்பட்டிருந்தால் அது 11 வயதுப் பிராந்தி. 2000 என்று போட்டது 2021-இல் அடைக்கப்பட்டிருந்தால் அது 20 வயதுப் பிராந்தி. இரண்டாவது இளைய ஆண்டாக இருந்தாலும் முதிர்ந்த சரக்கு. அறுவடைக்குப் பின் வரும் குளிர்காலத்தில் காய்ச்சி அடுத்த மார்ச் முடிவுக்குள் முடித்துவிட வேண்டும் என்பதால், கழித்துப்பார்க்கும்போது ஓராண்டு குறைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மரம் அதிகம் ஏறிவிடும் என்று தோன்றும்போது பாதாள அறைக்காரர்கள் பிராந்தியைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கேயே அது பல ஆண்டு நின்று பிறகு பாட்டிலுக்கு வரலாம். அதாவது அடைத்த தேதிகூட முழுக் கதையைச் சொல்லாது. மரத்தில் எத்தனை ஆண்டு என்று விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் பெரிய விலைப் பாட்டில் வாங்காதீர்கள்.

எந்த வயது. காக்டெயிலுக்கு மரத்தில் 12 முதல் 20 ஆண்டு. ராவாக ஊற்ற 20 முதல் 35. அதற்கு மேல் போனால் சில பாட்டில்கள் அபாரம், பல பாட்டில்கள் வெறும் மரம். வீரியமும் பாருங்கள்: தண்ணீர் கலக்காமல் அடைத்த பல பாட்டில்கள் 44 முதல் 48 சதவீதத்தில் வரும். அவைதான் பாருக்கு ஏற்றவை.

எப்படிப் பரிமாறுவது. குளிர் மாதங்களில் 30 மில்லி, துலிப் வடிவக் கிளாஸில், அறை வெப்பத்தில். ஊற்றியதும் கொடுக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள்; முதலில் எழும் சாராய நெடி அடங்கட்டும். வயிறு பெருத்த பலூன் கிளாஸ் வேண்டாம், அது ஆல்கஹாலைத் திரட்டி மூக்கில் அடிக்கும். கிளாஸை மெழுகுவர்த்தியில் சூடு காட்டுவது அதைவிட மோசம்.

கலக்க வேண்டும் என்றால் விண்டேஜை அடித்தளமாக வைக்காமல் கூட்டாளியாக வையுங்கள். ஓல்டு ஃபேஷன்டு ஒன்றில் வி.எஸ்.ஓ.பி. 45 மில்லி, விண்டேஜ் 15, சிரப் 5, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் இரண்டு சொட்டு. பெரிய ஐஸ் கட்டியோடு 20 நொடி கலக்கினால் போதும். அரை நிமிடத்துக்கு மேல் கலக்கினால் மணம் மறைந்து துவர்ப்பு எழும். விண்டேஜ் பாட்டில் விலை வி.எஸ்.ஓ.பி.யைப்போல நாலு மடங்கு என்று வைத்துக்கொண்டால், முழுக்க விண்டேஜில் செய்த கிளாஸுக்கு பிராந்திச் செலவு நாலு மடங்கு, 15 மில்லி கூட்டு வைத்த கிளாஸுக்கு 1.75 மடங்கு, 10 மில்லிக்கு ஒன்றரை மடங்கு. கண்ணை மூடிக் குடித்தால் 60-க்கும் 15-க்கும் இருக்கும் வித்தியாசம், 15-க்கும் பூஜ்யத்துக்கும் இருப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

ஹாட் டோடி. விண்டேஜுக்கு மிகவும் ஒத்துப்போகும் கலவை இதுதான். பலரும் இதைத்தான் கெடுக்கிறார்கள். கெட்டியான கைப்பிடிக் கிளாஸைக் கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடம் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். தேன் 10 மில்லி, 80 டிகிரியை ஒட்டிய வெந்நீர் 120 மில்லி, தேன் கரைந்தபின் கடைசியாகப் பிராந்தி 45 மில்லி: வி.எஸ்.ஓ.பி. 30, விண்டேஜ் 15. கலந்தபின் கிளாஸ் 65 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும், குடிக்கச் சரியான சூடு. கொதிக்கும் நீரைப் பிராந்தி மேல் ஊற்றினால் 78 டிகிரியில் கொதிக்கும் ஆல்கஹால் ஆவியோடு எழும்பும்; வாடிக்கையாளர் கிளாஸை முகத்துக்குக் கொண்டுபோனதும் இருமுவார். எலுமிச்சைச் சாறு வேண்டாம், ஒரு துண்டுத் தோலைப் பிழிந்தால் போதும்.

பார்க்காமல் விடும் செலவுகள். குளிரவைக்காமல் அப்படியே வடிகட்டி அடைத்த பாட்டில்களில், தண்ணீரும் ஐஸும் பட்டதும் கொழுப்புச் சாரங்கள் பிரிந்து கிளாஸ் லேசாகக் கலங்கும். கெட்டுப்போனதல்ல. ஆனால் விளக்கிச் சொல்லத் தெரியாத பணியாளர் அந்தக் கிளாஸைக் கீழே கொட்டிவிட்டு வேறு ஊற்றிக்கொடுப்பார். இரண்டு வாரப் பயிற்சி இல்லாமல் விண்டேஜ் மெனு தொடங்காதீர்கள். இரண்டாவது, மெனுவில் ஆண்டை அச்சடிக்காதீர்கள். ‘விளைச்சல் ஆண்டு ஆர்மன்யாக், இன்றைய பாட்டிலைக் கேளுங்கள்’ என்று போடுங்கள். பாட்டில் தீர்ந்தால் மெனு பொய்யாகாது. மூன்றாவது, கார்க். ஒயினைப்போல் படுக்கவைத்தால் 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். நிமிர்த்தியே வையுங்கள், வெளிச்சம் படாமல்.

விண்டேஜ் கோன்யாக் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு போட வேண்டுமானால் பீப்பாய்கள் அத்தாட்சி முத்திரையோடு கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பதால் உற்பத்தியும் குறைவு, விலையும் அதிகம். ஹைன் நிறுவனத்தின் ‘எர்லி லேண்டட்’ வகை சுவாரஸ்யமானது: பீப்பாயிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பி, பிரிஸ்டலின் குளிர்ந்த, ஈரமான அறையில் முதிரவைப்பார்கள். ஈர அறையில் தண்ணீரைவிட ஆல்கஹால்தான் அதிகம் ஆவியாகும். சரக்கு மென்மையாக, மரம் குறைவாக வரும். ராவாக ஊற்ற அருமை. குலுக்கும் பாத்திரத்தின் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

## பல பத்தாண்டுக்கு முன் அடைத்த பழைய பாட்டில்

இது வேறு விஷயம். உள்ளே இருப்பது சாதாரண வி.எஸ். (மிக இளைய கோன்யாக் தரம்) ஆகவும் இருக்கலாம், அடைத்தது 1960-களில் என்பதுதான் விசேஷம். கண்ணாடியில் அது முதிர்ந்திருக்காது. அன்றைய பாணிக் கலவை எப்படி இருந்தது என்பதை ருசிக்கலாம், அவ்வளவே. ஆனால் அந்த ‘அவ்வளவே’க்குக் காசு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

சட்டத்தை முதலில் பாருங்கள். உரிமம் பெற்ற மொத்த வியாபாரியிடம்தான் பார் சரக்கு எடுக்க வேண்டும் என்று விதி உள்ள இடங்கள் நிறைய. அங்கே ஏலத்தில் எடுத்த பாட்டிலைப் பெக் போட்டு விற்றால் உரிமத்துக்கே ஆபத்து.

வாங்கும்போது திரவ மட்டம் கழுத்திலிருந்து தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்; கார்க் காற்றை உள்ளே விட்டிருக்கிறது, வீரியமும் குறைந்திருக்கும். திறப்பதற்குத் திருகாணி ஆகாது. உளுத்த கார்க் நடுவில் துளையாகிப் பொடியாக உள்ளே விழும். இரண்டு தகடு உள்ள திறப்பானை எடுங்கள். நீளத் தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் நுழைத்து, இருபக்கமும் மெல்ல ஆட்டி ஆட்டி இறக்கி, முழுதும் இறங்கியபின் திருகிக்கொண்டே மேலே எடுங்கள். அப்படியும் உடைந்தால் பதற வேண்டாம், மெல்லிய துணி விரித்த வடிகட்டியில் சுத்தமான பாட்டிலுக்கு மாற்றிவிடலாம். மாற்றுக் கார்க் பக்கத்தில் தயாராக இருக்கட்டும்.

பிறகு விற்பதற்கு முன் முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெடுத்துவிட்டது. காக்டெயிலில் போட்டாலும் அது போகாது. பத்துப் பாட்டில் வாங்கினால் ஓரிரண்டு இப்படிப் போகும் என்று விலையில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ஒரு இரவு, முன்பதிவு செய்த பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே பாட்டில் காலி: இந்த வடிவத்தில் மட்டும் இது கணக்குக்கு வரும். வாரக்கணக்கில் அலமாரியில் வைத்து விற்பதற்கு அல்ல.

## கால்வடோஸும் மற்ற ஆப்பிள் பிராந்திகளும்

பருவம் என்பதை வாடிக்கையாளர் நாக்கில் உடனே உணர வேண்டும் என்றால், விண்டேஜ் திராட்சைப் பிராந்தியைவிட ஆப்பிள்தான் வேலை செய்யும். அறுவடைக் காலம் என்ற எண்ணத்தை முதல் மடக்கிலேயே தந்துவிடும், விளக்கம் தேவையில்லை.

கால்வடோஸ் என்பது பிரான்ஸின் நார்மண்டியில் செய்யும் ஆப்பிள் பிராந்தி. அங்கே பே டோஜ் பகுதிச் சரக்கு இரண்டு முறை பானைக் கலனில் காய்ச்சியது. வழுவழுப்பாக, கலக்கிய காக்டெயிலுக்குப் பொருந்தும். டோம்ஃப்ரோன்டே பகுதியில் பேரிக்காய் குறைந்தது 30 சதவீதம் சேர்ந்திருக்கும். பழ மணம் தூக்கலாக இருப்பதால் குலுக்கும் கலவைகளில் மறையாது. இரண்டு ஆண்டு வயதுள்ள இளைய கால்வடோஸே காக்டெயிலுக்குப் போதும். எக்ஸ்.ஓ. வாங்கினால் ஆப்பிள் பின்னுக்குப் போய் மரம் முன்னுக்கு வரும், வாங்கிய நோக்கமே கெட்டுவிடும்.

அமெரிக்கச் சரக்கில் லேர்ட்ஸ் நிறுவனத்தின் ‘பாட்டில்டு இன் பாண்ட்’ 50 சதவீதம். ஜாக் ரோஸுக்கு (60 மில்லி, எலுமிச்சை 22, மாதுளை சிரப் 15) இந்த வீரியம்தான் வேண்டும். மாதுளை சிரப்பைக் கடையில் வாங்காமல் சாறும் சர்க்கரையும் சம எடை சேர்த்து நீங்களே செய்யுங்கள், கொதிக்கவிடாமல் கரையும்வரை மட்டும் சூடு.

திராட்சையும் ஆப்பிளும் சேர்ந்து வரும் கார்ப்ஸ் ரிவைவர் நம்பர் 1 இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கு நல்லது: கோன்யாக் 40, கால்வடோஸ் 20, இனிப்பு வெர்மூத் 20. வெர்மூத் பாட்டில் திறந்து ஒரு மாதத்துக்குள் இருக்க வேண்டும், குளிர்பெட்டியில். பழைய வெர்மூத் போட்டுவிட்டுப் பிராந்தி சரியில்லை என்று சொல்கிறவர்கள் ஏராளம்.

## ஹெரெஸ் பிராந்தி

இது ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதிப் பிராந்தி. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் சொலேரா முறைப்படி, இளையதை மூத்ததோடு தொடர்ந்து கலந்து முதிரவைப்பதால் இதற்குப் பொதுவாக விளைச்சல் ஆண்டு கிடையாது. சொலேரா ரிசர்வாவுக்குச் சராசரி வயது குறைந்தது 1 ஆண்டு, கிரான் ரிசர்வாவுக்குக் குறைந்தது 3. இனிப்பும் உலர்திராட்சை மணமும் தூக்கல். கிரீம், முட்டை, பால் சேரும் குளிர்காலக் கலவைகளுக்கு இதை எடுங்கள். பிராந்தி அலெக்ஸாண்டர் (பிராந்தி, கொக்கோ மது, கிரீம் தலா 30) போன்றவற்றில் விண்டேஜ் ஊற்றுவது வீண். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதோடு நிற்காமல், கொழுப்பு நுண்ணிய மணங்களையும் மூடிவிடும்.

## ஒரே பார்வையில்

| | வெயிலுக்கு | குளிருக்கு | குலுக்கலாமா | திறந்தபின் | மறுபடி கிடைப்பது | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|---|---|
| வி.எஸ்.ஓ.பி. (முடிந்தால் 45%) | மிக நன்று | நன்று | தாராளமாக | சீக்கிரம் தீர்ந்துவிடும் | எளிது | பிராண்டுக்குப் பிராண்டு இனிப்பு மாறும் |
| எக்ஸ்.ஓ. | வீண் | ராவாக, சாஸராக் | வேண்டாம் | 6 மாதம் | எளிது | பெயருக்கான விலை |
| விண்டேஜ் ஆர்மன்யாக் | 5 முதல் 10 மில்லி மேல்ஊற்று மட்டும் | மிக நன்று | வேண்டாம் | 3 முதல் 6 மாதம் | அதே ஆண்டு உறுதியில்லை | அடைத்த தேதி, பயிற்சி |
| பழைய பாட்டில் | இல்லை | ஒரு இரவு நிகழ்ச்சி | கூடவே கூடாது | அன்றே முடியுங்கள் | இல்லை | கெட்ட கார்க், போலி, உரிமம் |
| ஆப்பிள் பிராந்தி (50% கிடைத்தால்) | சுமார் | நன்று. அறுவடைக் காலத்தில் மிக நன்று | ஆம் | 6 மாதம் | எளிது | வயது கூடினால் பழம் மறையும் |
| ஹெரெஸ் | சுமார் | கிரீம் கலவைகளுக்கு நன்று | ஆம் | 6 மாதம் | எளிது | இனிப்பு |

## எந்த பாருக்கு எது

வாரத்துக்கு ராவாகப் பிராந்தி கேட்பவர்கள் ஐந்து பேருக்கும் குறைவு என்றால் விண்டேஜ் வேண்டாம். 21 பெக் தீர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்; கடைசி ஏழெட்டுப் பெக் தளரத் தொடங்கிய சரக்காக இருக்கும். அந்தப் பணத்தை 45 சதவீதக் கோன்யாக்கிலும் ஆப்பிள் பிராந்தியிலும் போடுங்கள்.

வெயில் நீளும் இடத்தில் இருந்துகொண்டு வெயில் காலத்திலும் விண்டேஜைக் காட்ட வேண்டும் என்றால் ஒரே வழி மேல்ஊற்று: ஜூலெப்பைப் பொடி ஐஸோடு முடித்தபின் மேலே 5 மில்லி விண்டேஜ். உறிஞ்சுவது அடியில் இருந்துதான், ஆனால் மூக்கு மேலே இருக்கிறது. உறிஞ்சுகுழலை வெட்டிச் சின்னதாக்கினால் முகம் கிளாஸுக்குக் கிட்டே வரும். பாட்டிலுக்கு 140 கிளாஸ் கணக்கு.

உட்கார்ந்து பேசிக் குடிக்கும், சாப்பாட்டுக்குப் பின் வரும் கூட்டம் உள்ள சிறிய பார் என்றால் விண்டேஜ் தாராளமாக வாங்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு ஆண்டு: 15 வயதை ஒட்டிய ஒன்று, 25-ஐத் தாண்டிய ஒன்று. தலா 15 மில்லி வீதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் ஒற்றை 30 மில்லியைவிட நன்றாக விற்கும். இரண்டு பாட்டிலும் சமமாகத் தீரும்.

முதல் ஆர்டரை இப்படிப் பிரிக்கலாம்: கோன்யாக் ஆறு பாட்டில், ஆப்பிள் இரண்டு, ஹெரெஸ் ஒன்று, விண்டேஜ் ஒன்று. கூடவே இறுக மூடும் 200 மில்லி கண்ணாடிப் பாட்டில் மூன்று. விண்டேஜைத் திறந்த அன்றே 200 வீதம் இரண்டில் கழுத்துவரை நிரப்பி மூடிவிட்டால், அலமாரியில் இருக்கும் பாட்டிலில் 300 மில்லிதான் இருக்கும். அதிலிருந்து முதலில் விற்கலாம். மூன்றாவது சிறு பாட்டில் கடைசி மிச்சத்துக்கு. ஒவ்வொன்றிலும் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். அடுத்த விண்டேஜை, மூடிவைத்த கடைசிச் சிறு பாட்டிலைத் திறக்கும் நாளில் ஆர்டர் செய்தால் போதும்.